சுற்றிலும் தின்பண்டம், நடுவில் நான்: எடை குறைத்தவர்கள் யாராவது உண்டா?

நாலாம்மேசை (முதல் நாள், இரவு 10.40)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 89 கிலோ. "ஆறேழு கிலோ இறக்குங்கள், மாத்திரையை அப்புறம் பார்ப்போம்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. என்ன சாப்பிட வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. காய்கறி, பயறு, முட்டை, பழம். அதனால் தயவுசெய்து உணவு அட்டவணை அனுப்பாதீர்கள். என் கைப்பேசியில் ஏற்கெனவே பதினொரு அட்டவணை தூங்குகிறது.

சிக்கல் வேறு. அலுவலகத்தில் என் நாற்காலியிலிருந்து நான்கே அடியில் ஒரு பொது மேசை. யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், யார் விடுமுறை முடிந்து திரும்பினாலும், வந்து இறங்குவது அங்கேதான். கேக், சாக்லேட், பிஸ்கட் டப்பா. வீட்டுக்கு வந்தால் சிப்ஸ். வீட்டில் மற்ற மூன்று பேரும் ஒல்லி, அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

போன சனிக்கிழமை துவைக்கப் போடும்முன் கால்சட்டைப் பையைத் துழாவினேன். ஏழு சாக்லேட் தாள். குப்பைத்தொட்டி வரை நடக்கச் சோம்பல்பட்டுப் பையில் திணித்துக்கொள்வது என் வழக்கம். எல்லாம் முந்தைய நாள் ஒரே நாளில் தின்றவை. அதில் இரண்டு நினைவிருக்கிறது. மீதி ஐந்தைத் தின்றது யார் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

இடத்தையும் மாற்ற முடியாது, மனிதர்களையும் மாற்ற முடியாது. இந்த நிலையில் குறைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நேர்வழி (இரவு 10.58)

யாரும் உங்களுக்கு ஊட்டிவிடவில்லையே? வாயைக் கட்டினால் வயிறு இறங்கும், அவ்வளவுதான். நான் 12 கிலோ குறைத்தேன். இனிப்பை ஒரே நாளில் நிறுத்தினேன். பத்து நாள் தலைவலி, அப்புறம் பழகிவிட்டது. மேசையைக் குறை சொல்லாதீர்கள்.

அடுப்படிவாசி (இரவு 11.15)

நேர்வழி அண்ணா, 12 கிலோ பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கட்டுமா? வீட்டுக்குத் தின்பண்டம் வாங்குவது, அடுக்குவது, பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, மிச்சத்தை எடுத்து வைப்பது, இதெல்லாம் நீங்கள் செய்கிறீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்கள் கை அந்த டப்பாவுக்குள் போய் வருகிறது?

எனக்கு எடை கூடியது சாப்பாட்டு வேளையில் இல்லை. மிச்சத்தில். மகன் கடித்துவிட்டு வைத்த பாதி ரொட்டி, மகள் கிரீமை மட்டும் நக்கிவிட்டுப் போட்ட பிஸ்கட். வீணாகக் கூடாதே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். அதைச் சாப்பாடு என்று நான் கணக்கிலேயே வைத்ததில்லை. உட்கார்ந்து சாப்பிட்டால்தானே சாப்பாடு!

சின்னக்கிண்ணம் (மறுநாள், காலை 6.30)

சின்னத் தட்டு வாங்குங்கள். ஆராய்ச்சியே இருக்கிறது. தட்டு சிறியதானால் மூளை ஏமாந்துவிடும்.

கணக்குப்பிள்ளை (காலை 8.05)

சின்னக்கிண்ணம், அந்தத் தட்டு, கிண்ணம் ஆராய்ச்சிகளில் பெரும் புகழ் பெற்றவை கார்னெல் பல்கலைக்கழகத்து பிரையன் வான்சிங்க் செய்தவை. 2018இல் அவருடைய ஆறு கட்டுரைகளை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழ்கள் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. அவர் ஆய்வு நெறியை மீறினார் என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. அதனால் மூளை ஏமாறும் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நாலாம்மேசை, உங்கள் ஏழு தாளுக்கு வருகிறேன். 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. தினம் 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை மட்டும் இறங்க மறுக்கிறது என்று சொன்ன பத்துப் பேரை எடுத்து அளந்து பார்த்தார்கள். அவர்கள் உடல் சக்தியைச் செலவழிப்பதில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று சொன்ன பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஐந்து சாக்லேட் போலத்தான்.

ஒரு சின்ன சாக்லேட் 10 கிராம் என்றால் சுமார் 50 கலோரி. மறந்துபோன ஐந்துக்கு 250. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், நினைவில் இல்லாத சாக்லேட் மட்டுமே மாதத்துக்கு ஒரு கிலோ. இது காகிதக் கணக்கு. எடை இறங்க இறங்க உடலின் செலவும் குறைவதால் கோடு நேராகப் போகாது. ஆனாலும் எங்கே ஒழுகுகிறது என்று தெரிகிறதல்லவா?

நேர்வழி (காலை 8.20)

அதாவது, தின்றது அவர்தான். நான் சொன்னதும் அதைத்தான்.

மாவுக்கை (பிற்பகல் 2.10)

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். நான் வேலை செய்வதே பேக்கரியில், ஒன்பது வருடமாக. சுற்றிலும் தின்பண்டம் என்று நீங்கள் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

முதல் வருடம் 14 கிலோ ஏறினேன். கடையில் விற்கும் நல்ல கேக்கை நான் தொட்டதில்லை, காசு கணக்கு. என்னைக் கவிழ்த்தது உடைசல். அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது ஓரத்தில் இரண்டு பிஸ்கட் உடையும், கேக்கைச் சதுரமாக நறுக்கினால் விளிம்பு மிஞ்சும். அதெல்லாம் ஒரு தட்டில் விழும், அந்தத் தட்டு என் வலது கைக்கு நேரே இருக்கும். மாவு பிசைந்துகொண்டே கை போகும், வரும். வெள்ளை மாவு படிந்த விரலில் எத்தனை முறை போய் வந்தது என்று எப்படித் தெரியும்?

கவனித்து வைத்த இரண்டு விஷயம் சொல்கிறேன்.

காலையில் உள்ளே நுழையும்போது வெண்ணெய் வாசனை ஆளைத் தூக்கும். அரை மணியில் மூக்குக்கு எதுவுமே தெரியாது. ஆனால் பத்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான் அதிகம் தின்றதெல்லாம் வெளியே போய்த் திரும்பிய அந்த ஐந்து நிமிடத்தில்தான். அதனால் திரும்பி வந்தால் நேராகக் கை கழுவும் இடம், அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர், அப்புறம்தான் மேடை.

இன்னொன்று. ஒரே வகையை நாலு தின்றால் திகட்டிவிடும், போதும் என்று தோன்றும். பக்கத்தில் வேறொரு வகை வந்து இறங்கினால் வயிற்றில் புதிதாக ஒரு அறை திறக்கும். உங்கள் பொது மேசையில் எப்போதும் மூன்று நான்கு வகை இருக்கும், இல்லையா? அங்கேதான் மாட்டுகிறீர்கள்.

என்ன செய்தேன்? வீட்டிலேயே இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் வேகவைத்த பயறும் தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன், விடிகாலை மூன்றரை மணியாக இருந்தாலும். உடைசல் தட்டைப் பின்பக்க அலமாரிக்கு மாற்றி, தகர மூடி போட்டேன். ருசி பார்ப்பது என் வேலை, அதை விட முடியாது. ஒரு கரண்டி, அதற்குச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. ஒன்றரை வருடத்தில் 11 கிலோ இறங்கியது. மீதி மூன்று இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

நேர்வழி (பிற்பகல் 2.25)

அருமை. இதைத்தான் நான் கட்டுப்பாடு என்கிறேன்.

மாவுக்கை (பிற்பகல் 2.31)

இல்லை தம்பி. கட்டுப்பாடு இருந்திருந்தால் மூடி எதற்கு?

தட்டும்தராசும் (இரவு 9.00)

உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மாவுக்கை அண்ணன் சொன்ன அந்த 'புதிய அறை' எங்கள் பாடப்புத்தகத்தில் உண்டு. ஒரு சுவை தெவிட்டினாலும் அடுத்த சுவைக்கு ஆசை அப்படியே இருக்கும். வகை கூடினால் தின்னும் அளவும் கூடும்.

நேர்வழி சாருக்கு ஒன்று. 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். அதே ஆட்கள் பதப்படுத்திய உணவில் தினம் சுமார் 500 கலோரி அதிகம் தின்றார்கள், 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ இறங்கினார்கள். மனவுறுதி பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறுமா? மாறியது தட்டுதான்.

தட்டின் அளவு பற்றி: கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனாலும் முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம். பெரிய பாக்கெட், பெரிய அளவு பரிமாறினால் நாம் அதிகம் தின்கிறோம் என்பதை 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடுவது) காட்டுகிறது. தின்பண்டத்தைத் தள்ளி வைத்தால் குறைவாகத் தின்கிறோம் என்று 2019இல் இன்னொரு தொகுப்பு. அந்த இரண்டாவதில் சான்றுகள் வலுக் குறைந்தவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். செலவில்லாத யோசனை என்பதால் நான் தயங்காமல் சொல்வேன்.

பசியோடு அந்த மேசையைத் தாண்டாதீர்கள், எனக்கு இதுதான் முக்கியம். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் எவ்வளவு பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் கேக்குக்கு 65, ஆப்பிளுக்கு 197, வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. பாவம், உருளைக்கிழங்கை எல்லோரும் திட்டுகிறார்கள்! 25 கிராம் சிப்ஸ், அதாவது ஒரு கை அளவு, சுமார் 130 கலோரி. அதே கலோரிக்கு வெறுமனே வேகவைத்த கிழங்கு 150 கிராம் தின்னலாம். தின்று பாருங்கள், அடுத்த கிழங்கைக் கை தேடாது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. அப்புறம், ஒளிந்து தின்பது, நிறுத்தவே முடியாமல் தின்பது, தின்றபின் குற்ற உணர்வில் பட்டினி கிடப்பது, இப்படி இருந்தால் அதற்குத் தனியாக மருத்துவ உதவி வேண்டும். இந்த யோசனைகள் போதாது.

விடியாமூஞ்சி (நள்ளிரவு 3.20)

இரவுப்பணி ஆள். இந்த நேரத்தில் காசு போட்டால் சாக்லேட் துப்பும் இயந்திரம்தான் எனக்குத் துணை. ஒரு மாதம் கவனித்ததில் ஒன்று புரிந்தது: பகலில் ஆறு மணி நேரம் தூங்கிய நாளில் அதன் பக்கம் போவதில்லை. நாலு மணி நேரம் தூங்கினால் இரண்டு தடவை போகிறேன்.

தட்டும்தராசும் (காலை 7.10)

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நிறையத் தூங்கவிட்ட இரவுகளோடு ஒப்பிட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கிரெலின் 28 சதவீதம் அதிகம், போதும் என்று சொல்லும் ஹார்மோன் லெப்டின் 18 சதவீதம் குறைவு. ஆசை அதிகம் போனது இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் பக்கம்.

அடுப்படிவாசி (காலை 11.40)

வீட்டுப் பக்கம் நான் செய்ததைச் சொல்கிறேன். அதை வாங்காதே, இதை வாங்காதே என்று சண்டை போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் முகம் வாடிப்போனது, கணவர் ஒளித்துவைத்துத் தின்ன ஆரம்பித்தார். அந்த ஒளித்த இடத்தையும் நான் கண்டுபிடித்துத் தின்றேன்.

அப்புறம் உதித்த யோசனைதான் இப்போதுவரை ஓடுகிறது. வீட்டில் தின்பண்டம் இருக்கலாம், ஆனால் எனக்குப் பிடிக்காத வகையாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி கிரீம் பிஸ்கட் உயிர், எனக்கு அந்த வாசனையே ஆகாது. ஆகவே அதுதான். எனக்குப் பிடித்த உப்பு வேர்க்கடலை வேண்டுமென்றால் வெளியே போய்ச் சின்னப் பொட்டலமாக வாங்கி, அங்கேயே தின்றுவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் செருப்பு மாட்டச் சோம்பலாகி விட்டுவிடுவேன்.

மிச்சத்துக்கு ஒரு டப்பா. யார் வைத்த மிச்சமோ மறுநாள் அவர்களுக்கே முதலில். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த கையோடு நான் பல் துலக்கிவிடுவேன். பற்பசை வாயோடு பிஸ்கட் தின்று பாருங்கள், தெரியும்.

நாலாம்மேசை (பகல் 1.05)

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு மேசை மேசையாக வரும்போது என்ன சொல்வது? டயட் என்றேன். "இந்த ஒண்ணுல என்ன ஆயிடப் போவுது" என்று நாலு பேர் கூடிவிட்டார்கள்.

அடுப்படிவாசி (பகல் 1.20)

டயட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள், அது விவாதத்துக்கு அழைப்பு. "இப்பதான் சாப்பிட்டேன், வயிறு நிறைஞ்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உடனே அவரைப் பற்றி ஏதாவது கேளுங்கள். மாவுக்கை அண்ணன் சொன்னபடி முன்னாலேயே தின்றிருந்தால் அது பொய்யும் இல்லை.

நேர்வழி (பகல் 1.32)

வேண்டாம் என்றால் வேண்டாம். இதற்கு ஒரு நாடகமா?

நாலாம்மேசை (மூன்று வாரம் கழித்து)

நிலவரம். இடத்தை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தேன். என் நாற்காலியை நகர்த்தலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை! என் மேசையின் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். இப்போது தின்பண்டம் முதுகுக்குப் பின்னால், எனக்கு எதிரே சுவர். ஒரு நாள் முழுக்க ஒரு கேக் பெட்டி இருந்ததே தெரியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

தாள்களைப் பையில் திணிப்பதை விட்டுவிட்டு, மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடியில் போடுகிறேன். முதல் வாரம் 23, இரண்டாம் வாரம் 14, போன வாரம் 9. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகப் பார்த்துப் பார்த்துக் கூச்சப்பட்டதுதான்.

எடை: முதல் வாரம் 1.6 கிலோ இறங்கியது, ஒரே குஷி. அடுத்த இரண்டு வாரமும் சேர்த்து 300 கிராம். எங்கே தப்பு?

கணக்குப்பிள்ளை (அன்றே)

தப்பு எதுவும் இல்லை, முதல் வாரத்தைத்தான் நீங்கள் தப்பாகப் படித்தீர்கள். உடலில் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். தின்பது குறைந்ததும் முதலில் வடிவது அதுதான். இனி வாரத்துக்கு அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். தினமும் எடை பார்த்தாலும் ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். இரவு உப்பு கூடினாலே காலையில் முள் ஏறிவிடும்.

நாலாம்மேசை (ஐந்தாம் வாரம்)

சறுக்கிவிட்டேன். ஒருவருக்கு வழியனுப்பு விழா. ஒரு துண்டு கேக் தின்றேன். சரி, இன்றைய நாள் கெட்டது கெட்டதுதானே என்று இன்னும் இரண்டு. வீட்டுக்கு வந்து, இவ்வளவு ஆகிவிட்டது, இனி என்ன என்று ஒரு பெரிய பாக்கெட் சிப்ஸ். இரவு வெட்கமாக இருந்தது. ஜாடியில் போட அன்று தாளே இல்லை, கேக்குக்குத் தாள் கிடையாதே.

தட்டும்தராசும் (மறுநாள்)

1975இல் செய்த ஒரு பழைய சோதனை இருக்கிறது. சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாகத் தின்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாட்டோடு இருப்பவர்கள் அதிகம் தின்றார்கள். கோடு தாண்டியாயிற்று, இனி கோடே இல்லை என்ற மனநிலை.

உங்கள் கணக்கைப் பாருங்கள். முதல் துண்டு சுமார் 300 கலோரி. அது ஒரு நாளையும் கெடுக்காது. அடுத்த இரண்டு துண்டும் அந்தப் பாக்கெட்டும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். அதனால் நாளைக்குப் பட்டினி கிடக்காதீர்கள். அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, அவ்வளவே.

நேர்வழி (மறுநாள்)

இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் 12 கிலோ குறைத்தபோது தனி வீட்டில் தனியாக இருந்தேன். சமையலறையில் அரிசி, காய், முட்டை தவிர எதுவும் கிடையாது. போன மாதம் குடும்பத்தோடு சேர்ந்தேன். 3 கிலோ ஏறிவிட்டது. கட்டுப்பாடு முக்கியம் என்பதில் மாற்றமில்லை. தகர மூடி எவ்வளவு பெரியது வேண்டும் என்று மாவுக்கை அண்ணன் சொன்னால் நல்லது.

மாவுக்கை (மறுநாள்)

திறக்கும்போது சத்தம் வரும் அளவுக்கு இருந்தால் போதும்.

நாலாம்மேசை (பதினோராம் வாரம்)

காலை எடை 84.9. சராசரி 85.2. சர்க்கரை எண் இறங்கியிருக்கிறது, மாத்திரைப் பேச்சை மருத்துவர் மூன்று மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார். காலையில் பயறும் முட்டையும், பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள், அதற்கப்புறம்தான் பொது மேசைப் பக்கம் தலை திரும்பும். வாரத்துக்கு ஒரு துண்டு கேக் உண்டு, உட்கார்ந்து, கரண்டியால்.

ஜாடிதான் காணோம். இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டு வந்து தேடினால், யாரோ புண்ணியவான் அதை நன்றாகக் கழுவித் துடைத்துப் பொது மேசையில் வைத்து, நிறைய பிஸ்கட் போட்டு வைத்திருக்கிறார்.

மாவுக்கை (அன்றே)

மூடி போட்டிருக்கிறார்களா?

நாலாம்மேசை (அன்றே)

போட்டிருக்கிறார்கள் அண்ணா. அதுவும் கண்ணாடி.